வீட்டுக்குப் போன பந்துகள்

ஜெனிவால்டோ மச்சாது எங்கள் ஊருக்காக அடித்த முதல் பந்து கோலுக்குள் போனதை வெள்ளித்தாழை முழுக்கப் பார்த்தது, அது வெளியே வந்ததைத்தான் ஒருவரும் பார்க்கவில்லை. வலை ஒருமுறை நன்றாகப் புடைத்தது, கோல் காத்துக் கவிழ்ந்து விழுந்த எதிரணிக் கோலி எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுப் பந்தை எடுக்கத் திரும்பினார், அங்கே வலை இருந்தது, வலைக்குப் பின்னால் உடைமரம் இருந்தது, உடைமரத்துக்குப் பின்னால் கடல் இருந்தது, பந்து இல்லை. ஜீப்புக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள், குளிர்பானக் கடைக்காரரின் சாக்கைத் தூக்கிப் பார்த்தார்கள், உடைமுள்ளுக்குள் கையை விட்டுக் கீறிக்கொண்டார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் வலையில் ஓட்டை இருக்கும் என்று சொல்லித் தொலைத்தார். எங்கள் ஊரில் நின்றுகொண்டு வலையில் ஓட்டை என்று சொல்வது எப்பேர்ப்பட்ட பேச்சு என்று அவருக்குத் தெரியாது. கரைவலை இழுக்கிற குடும்பங்கள் மொத்தமாக மைதானத்தில் இறங்கி, அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து, அந்த வலையைக் கண்ணி கண்ணியாகத் தடவிக்காட்டி, நெத்திலிகூடத் தப்பாது என்று அவர் வாயாலேயே சொல்லவைத்த பிறகுதான் வேறு பந்து வைத்து ஆட்டத்தைத் தொடர விட்டார்கள். அந்தப் பந்தையும் ஜெனிவால்டோ உள்ளே அடித்தார், அதுவும் போய்விட்டது.

அந்த மனிதர் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்ததே குடும்பப் பெயரால்தான். போர்ச்சுகல்காரர்கள் எங்கள் கடற்கரைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போன காலத்திலிருந்து எங்களுக்குள் மச்சாது, பெரைரா, கோமஸ், ரொட்ரிகோ என்றுதான் வீட்டுப் பெயர்கள், இதை யாராவது வேடிக்கையாகப் பார்த்தால் எங்களுக்குக் கோபம் வரும். கடல் விண்மீன் கால்பந்துக் கழகத்தின் செயலாளர் கிளீட்டஸ் கோமஸ், கப்பலில் எலக்ட்ரீசியனாகச் சுற்றி, பிரேசில் துறைமுகங்களில் மாதக்கணக்கில் கிடந்து, அந்த மொழியைச் சண்டை போடும் அளவுக்குக் கற்றுக்கொண்டு வந்தவர். வெளிநாட்டு ஆட்டக்காரர்களைப் பிடித்துத் தரும் ஏஜென்டு அவருக்குப் படங்கள் அனுப்பினார், வாட்டசாட்டமான ஆப்பிரிக்க வாலிபர்கள், இருபது வயதுப் புயல்கள், அவர்களுக்கு நடுவே தலைமுடி மெலிந்து சிரித்த முகத்தோடு ஒரு ஆள், பெயர் மச்சாது. கிளீட்டஸ் அதற்குமேல் வயதைப் படிக்கவில்லை, முழங்கால் கதையைப் படிக்கவில்லை. "இவரு நம்ம ஆளுல்லா," என்றார், அவ்வளவுதான் தேர்வு.

ஆகவே ஜெனிவால்டோ திருச்செந்தூர் பேருந்திலிருந்து இறங்கும்போதே அவருக்கு உறவுமுறை தயாராக இருந்தது. மச்சாது என்றால் மச்சாது வீட்டில்தான் தங்க வேண்டும், எனவே ரெமிஜியுஸ் மச்சாதுவின் வீட்டு மாடியறை. ரெமிஜியுஸ் கப்பலில் இருந்தார், கப்பல் எந்தக் கடலில் இருந்தது என்று அவர் மனைவி பிரிஜிதாவுக்கே வாரக் கடைசியில்தான் தெரியும். ரெமிஜியுசுக்குத் தம்பி முறை என்பதால் பிரிஜிதா அவருக்கு மைனி ஆனார், அவர் பிரிஜிதாவுக்குக் கொழுந்தன் ஆனார், கோமஸ் வீட்டார் மச்சாதுகளுக்கு மாமன் மச்சான் முறை என்பதால் கிளீட்டஸ் அவரை முதல் நாளே மாப்ளை என்றார், பெரைரா வீட்டுப் பெண்கள் கலியாணம் கட்டும் முறையில் வருவதால் அவரைக் கண்டதும் வெட்கப்பட்டு உள்ளே ஓடினார்கள், ரொட்ரிகோ வீட்டுப் பெண்கள் தங்கை முறை என்பதால் நின்று சிரித்தார்கள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பிரிஜிதா சாவி என்றபோது அவர் ஊரிலும் அது ஏறக்குறைய சாவியாகத்தான் இருந்தது, மேசையும் மேசையாக இருந்தது, சன்னலும் துவாலையும் அப்படியே இருந்தன, அதனால் குடியிருப்பதற்குத் தேவையான மொழி முதல் மாலையிலேயே முடிந்துவிட்டது.

முப்பத்துநாலு வயதுக்குள் அவர் ஆடாத மைதானம் இல்லை. பிரேசிலின் உள்நாட்டில் சாந்தா ரீத்தா என்கிற, கடலே பார்க்காத ஒரு சின்ன ஊரிலிருந்து பதினேழு வயதில் கிளம்பி, போர்ச்சுகலில் இரண்டாம் பிரிவில் ஆடிக் குளிரில் உறங்கக் கற்று, சைப்ரஸில் ஆடி ஆலிவ் கொட்டையைத் துப்பக் கற்று, அஜர்பைஜானில் ஆடிச் சர்க்கரைக் கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடிக்கக் கற்று, வியட்நாமில் ஆடி மத்தியானம் கண்ணயரக் கற்று, டாக்காவில் ஆடி மழையில் குடையோடு பேட்டி கொடுக்கக் கற்று, கோவாவில் பெஞ்சில் உட்காரக் கற்று, அத்தனை பழக்கங்களையும் மூட்டை கட்டிக்கொண்டு அவர் எங்களிடம் வந்திருந்தார். போன இடமெல்லாம் கோல் அடித்தார், போன இடமெல்லாம் பந்து வலையிலிருந்து ஒழுங்காகத் திரும்பி வந்தது. எங்கள் ஊரில் மட்டும்தான் அது திரும்பவில்லை, அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைப்பானேன்.

பந்துகள் எங்கே போகின்றன என்பது இரண்டாவது ஆட்டத்துக்கு மறுநாள் தெரிந்தது. அவர் அக்கா ரொசிலேனி போனில் முகம் காட்டிக் கூப்பிட்டார். பிரிஜிதாவின் அடுப்படியில் போன் அரிசி டப்பாவில் சாய்த்து வைக்கப்பட்டது, கிளீட்டஸ் மொழிபெயர்த்தார், நாங்கள் சன்னலுக்கு வெளியே நின்று கேட்டோம். அம்மா காலையில் கோழிகளுக்குச் சோளம் போட்டுக்கொண்டிருந்தாளாம், வேலிக்கு மேலே ஒன்றுமே வரவில்லையாம், கொய்யா மரத்தடியில் காற்று கொஞ்சம் புடைத்ததாம், பந்து வந்து கோழிக்கூட்டின் மேல் விழுந்ததாம். அக்கா அந்தப் பந்துகளைத் தூக்கிக் காட்டினார். 'க.வி.கா.க., வெள்ளித்தாழை' என்று கிளீட்டஸ் தன் கோணல் கையெழுத்தில் எழுதியது அப்படியே இருந்தது, எங்கள் மைதானத்து மணல்கூட உதிராமல் ஒட்டியிருந்தது.

இதைக் கேட்டு எங்கள் ஊர் வாயைப் பிளந்தது என்று நீங்கள் நினைத்தால் எங்கள் ஊரை உங்களுக்குத் தெரியாது. வெள்ளித்தாழையில் வீட்டுக்கு ஒருவர் கப்பலில் இருக்கிறார், கப்பலில் இல்லாதவர் மஸ்கட்டில் இருக்கிறார், அவர்கள் எல்லாரும் வீட்டுக்கு எதையாவது அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அட்டைப்பெட்டி, அதைச் சுற்றி நைலான் கயிறு, கயிற்றுக்கு நடுவே மார்க்கரில் பெயர், இதுதான் எங்கள் ஊரில் ஆண்பிள்ளைகளின் அடையாளம். பெட்டி வந்தால் தெருவே கூடிவிடும், கயிற்றை அறுத்து, சோப்பு இந்த வீட்டுக்கு, மிட்டாய் அந்த வீட்டுக்கு, தைலம் பக்கத்து வீட்டு முதுகுவலிக்கு என்று பங்கு வைத்துவிட்டுத்தான் கலையும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதர் அடித்த பந்து அவர் அம்மா வீட்டு முற்றத்தில் விழுந்தால் அதில் அதிசயப்பட என்ன இருக்கிறது. "வெளிநாட்டுல வேல பாக்குதவரு வீட்டுக்கு எதையாவது அனுப்பத்தான செய்வாரு," என்று பெண்கள் சொல்லிவிட்டு மீன் வாங்கப் போய்விட்டார்கள்.

யோசிக்க வேண்டியவை வேறு இருந்தன. துறைமுகச் சுங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரைரா, காற்றடைத்த பந்துக்குத் தீர்வை உண்டா, காற்றுக்குத் தனியாக உண்டா என்று பழைய விதிகளைப் புரட்டினார். தூத்துக்குடியிலிருந்து வந்த நடுவர் நன்றாக யோசித்து, மச்சாது அடித்த பந்து காணாமல் போனால் கோல், வலைக்குப் பின்னால் கிடந்தால் கோல் இல்லை, அவுட் என்று தீர்ப்புச் சொன்னார், அதற்குப் பிறகு கோலா இல்லையா என்ற சண்டையே எங்கள் மைதானத்தில் இல்லாமல் போனது. பங்குத்தந்தை ஞாயிறு பூசை முடிந்து, திருமண அறிவிப்புகளுக்கும் தண்ணீர் லாரி வரும் நேரத்துக்கும் நடுவே, வீட்டில் சும்மா கிடக்கும் பந்துகளைக் கழகத்துக்குத் தந்து உதவுமாறு கேட்டுக்கொண்டார். பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் ஒவ்வொரு பந்திலும் மார்க்கரால் 'டோனா லூர்தெஸ் மச்சாது, சாந்தா ரீத்தா, பிரேசில்' என்று விலாசம் எழுதினார்கள், விலாசத்துக்குக் கீழே மீதியிருந்த இடத்தில் தாய்மார்கள் செய்தி எழுதினார்கள், மகன் நன்றாகச் சாப்பிடுகிறார், முழங்காலுக்கு நல்லெண்ணெய் தேய்க்கிறோம், கவலை வேண்டாம், காரம் பழகிவிட்டார் என்று. ஒரு அம்மாள் பந்தோடு ஒரு கட்டு நெத்திலிக் கருவாட்டைக் கட்டிவைத்திருந்ததை நடுவர் ஆட்டம் தொடங்கும் முன் கண்டுபிடித்து அவிழ்த்தார், அவர் மனைவிக்கு அது பிடித்திருந்ததாகப் பின்னால் கேள்வி.

பக்கத்து ஊர்க் கோலிகளும் இதில் சேர்ந்துகொண்டார்கள். பந்து தன்னைத் தாண்டித்தான் பிரேசில் போகிறது என்பதால் ஒவ்வொரு கோலியும் ஆட்டத்துக்கு முன்னால் பந்தை வாங்கித் தன் பெயரையும் எழுதிக்கொண்டார். எழுதிய பிறகு அதைத் தடுப்பதா விடுவதா என்று அவர்களுக்கே குழப்பம், ஆனால் வேண்டுமென்று விட்டுக்கொடுத்தவர் எங்கள் வட்டாரத்தில் யாரும் இல்லை.

இத்தனை கலகலப்புக்கு நடுவிலும் ஜெனிவால்டோவின் மனதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதை ஊர் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டது. அவர் அம்மா அவரோடு பேசுவதில்லை. அவர் வியட்நாமில் ஆடிக்கொண்டிருந்தபோது அப்பா இறந்துபோனார். அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும் நிலை, இந்த ஒரு ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்துவிட்டுப் போ, விமானம் நாளைக்கும் இருக்கிறது என்றார் கழகத் தலைவர். ஜெனிவால்டோ இரண்டு கோல் அடித்தார், தோளில் தூக்கிச் சுற்றினார்கள், விமானம் போய்விட்டது, அவர் ஊர் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அம்மா கதவைத் திறக்கவில்லை. "நீ அங்கேயே இருந்து கோல் அடி," என்று உள்ளே இருந்து ஒரு குரல் மட்டும் வந்தது, அதுதான் அவள் அவரிடம் சொன்ன கடைசி வார்த்தை. அதன் பிறகு அவர் நாடு நாடாகப் போய் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

அதனால் ஒவ்வொரு பந்து போய் விழுந்ததும் அக்காவிடம் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான், அம்மா என்ன சொன்னாள். அக்காவின் பதிலும் ஒன்றுதான், ஒன்றும் சொல்லவில்லை, துடைத்து உள்ளே வைத்தாள். துடைத்து உள்ளே வைத்தாள் என்பதைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் மாடியறையில் பாட்டுப் பாடினார். முழங்காலை மறந்தார், தலையால் அடித்தார், குதிகாலால் அடித்தார், உட்கார்ந்துகொண்டே ஒன்று அடித்தார். சூசையப்பர் கோப்பையில் நாங்கள் கால் இறுதி வரை பறந்தோம், எங்கள் ஊர்ப் பந்துகள் சாந்தா ரீத்தாவில் மழை மாதிரி விழுந்தன.

அரை இறுதிக்கு முந்தைய வாரம் அக்கா கூப்பிட்டபோது முகம் சரியில்லை. காலையில் விழுந்த பந்தை அம்மா துடைக்கவில்லையாம், அடுப்படிக்குப் போய்க் கத்தியை எடுத்து வந்து அதில் ஒரு குத்துக் குத்தினாளாம், பிறகு உள்ளே வைத்திருந்த மற்ற பந்துகளையும் ஒவ்வொன்றாகக் குத்திக் கொய்யா மரத்தடியில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாளாம். கிளீட்டஸ் இதை மொழிபெயர்த்து முடித்ததும் சன்னலுக்கு வெளியே நின்ற நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை பந்து, இத்தனை செய்தி, இவ்வளவு நல்ல கையெழுத்து, இதற்கு யாருக்காவது கோபம் வருமா.

அதோடு ஜெனிவால்டோவின் கால் நின்றுபோனது. ஓடுவார், பந்தைக் காலால் கடைந்து ஆளைத் தாண்டுவார், கோலுக்கு முன்னால் வந்ததும் பந்தைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடுவார், அல்லது கடலைப் பார்த்து அடிப்பார். அரை இறுதியில் காலிக் கோலுக்கு முன்னால் நின்றுகொண்டு குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினார். எதிரணியின் தடுப்பாட்டக்காரர் ஒருவர் பதற்றத்தில் தன் கோலிலேயே அடித்ததால்தான் நாங்கள் பிழைத்தோம். இறுதி ஆட்டம் பக்கத்து ஊரான கல்லாம்பாட்டோடு, கோப்பை எங்கள் ஊரைவிட்டுக் கல்லாம்பாட்டுக்குப் போன பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது கலியாணம் கட்டிவிட்டார்கள், அந்தக் கோப்பையைக் கல்லாம்பாட்டார் தங்கள் கோயில் திருவிழாவில் வேண்டுமென்றே எங்கள் பக்கம் திருப்பி வைப்பார்கள்.

கிளீட்டஸ் வந்து மாடிப்படியில் உட்கார்ந்து, மாப்ளை, ஒரே ஒரு கோல் என்று இரண்டு மொழியிலும் கெஞ்சினார். ஜெனிவால்டோ தலையை ஆட்டினார், இன்னொரு பந்து போனால் அம்மா வீட்டையே விட்டுப் போய்விடுவாள் என்றார். அடுப்படியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்த பிரிஜிதா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தார்.

"கிளீட்டஸ் அண்ணே, அவர உள்ள கூட்டிட்டு வாரும். நான் சொல்லுதத அப்படியே சொல்லணும், கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது."

பரணுக்கு ஏணி சாத்தி, பிரிஜிதா மூன்று அட்டைப்பெட்டிகளை இறக்கினார். கயிறு அறுக்கப்படாமல், மார்க்கரில் ரெமிஜியுசின் எழுத்தோடு, தூசி படிந்து இருந்தன. பெட்டி வந்ததே எங்கள் யாருக்கும் தெரியாது, தெருவைக் கூட்டாமல் ஒரு வீடு பெட்டியை மறைத்து வைத்திருக்கிறது என்பதை நாங்கள் அன்றுதான் கேள்விப்பட்டோம்.

"இது மூத்த மவ கோயில்ல புதுநன்மை எடுத்தப்ப வந்தது. இது அதுக்கடுத்த கிறிஸ்மசுக்கு. இது போன வருசம் திருவிழாவுக்கு. உள்ள சோப்பும் சென்ட்டும் துண்டும் கெடக்கும், நல்ல சாமானாத்தான் இருக்கும். நான் பிரிக்கல. ஏன்னு கேட்கச் சொல்லும்."

"ஏம் மைனி?" என்றார் ஜெனிவால்டோ, அந்த அளவுக்குத் தமிழ் அவருக்கு வந்திருந்தது.

"வாரவரு பெட்டியக் கையோட கொண்டு வருவாரு கொழுந்தனாரே. வராதவருதான் அனுப்பி வைப்பாரு. வாசல்ல பெட்டி எறங்குனா, சரி, இந்தத் திருவிழாவுக்கும் ஆளு இல்லன்னு நான் தெரிஞ்சுக்கிடுவேன். தெருவெல்லாம் சிரிக்கும், நான் போயி மொகத்தக் கழுவுவேன். ஒம்ம அம்மைக்கு நீரு வாரா வாரம் பெட்டி அனுப்புதீரு. வரலம்மா, வரலம்மான்னு வாரா வாரம் முத்தத்துல வந்து விழுது. அதுவும் கோல் அடிச்ச பந்து. மனுசி கத்தியத் தூக்காம பூவையா தூக்குவா?"

கிளீட்டஸ் பாதிவரை ஒழுங்காக மொழிபெயர்த்தார், பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெங்காய நெடி என்றார். அவரும் இருபது வருஷம் பெட்டி அனுப்பியவர்தான். மீதியையும் சொல்லி முடித்தார், ஒரு வார்த்தை குறைக்கவில்லை, இறுதி ஆட்டம் கையைவிட்டுப் போகிறது என்று தெரிந்தும் குறைக்கவில்லை, அதற்காக அவரை நாங்கள் இன்றைக்கும் மதிக்கிறோம்.

ஜெனிவால்டோ ஒரு பெட்டியின் மேலிருந்த தூசியைக் கையால் துடைத்தார். பிறகு மெதுவாக, அப்படியென்றால் கோல் அடிக்கக் கூடாதா என்று கேட்டார்.

"அடியும், யாரு வேண்டாம்னா. ஊருக்குக் கோப்பை வேணும்லா," என்றார் பிரிஜிதா. "ஆனா அனுப்பாதையும். கையோட கொண்டு போவும்."

ஆட்டம் முடிந்ததும் விமானத்தில் போகச் சொல்கிறார் என்றுதான் கிளீட்டஸ் புரிந்துகொண்டார், நாங்களும் அப்படித்தான் புரிந்துகொண்டோம். ஜெனிவால்டோ எப்படிப் புரிந்துகொண்டார் என்பது ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

இறுதி ஆட்டத்தன்று கடலுக்குப் போகவேண்டிய படகுகள் போகவில்லை, கல்லாம்பாட்டிலிருந்து டிராக்டரில் ஆள் வந்தது, மேளம் வந்தது, அவர்கள் கோப்பையைக் குடை பிடித்துக் கொண்டுவந்து எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்கள். முதல் பாதியில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள், பந்து வெட்கம் இல்லாமல் வலையிலேயே கிடந்தது. இரண்டாம் பாதியில் கார்னரிலிருந்து வந்ததை எங்கள் ரொட்ரிகோப் பையன் தலையால் தட்டிச் சமன் செய்தான், அதுவும் ஒழுங்காகத் திரும்பி வந்தது. ஜெனிவால்டோ அதுவரை நடந்துகொண்டுதான் இருந்தார், கல்லாம்பாட்டார் அவரை வயசாளி என்று கேலி செய்தார்கள், அவர் சிரித்தார்.

வெயில் சாய்ந்து உடைமரத்து நிழல் பெனால்டி கோட்டைத் தொட்டபோது, நடு மைதானத்தில் ஒரு பந்து அவர் காலில் வந்து உட்கார்ந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு கிளம்பினார், கிளம்பினார் என்றுதான் சொல்ல வேண்டும், வீட்டைப் பூட்டிவிட்டுப் பயணம் போகிறவரின் நிதானம் அதில் இருந்தது. ஒருவரைக் கடந்தார், போர்ச்சுகலில் கற்ற தோள்வெட்டில் ஒருவரைக் கடந்தார், டாக்காவின் மழையில் வழுக்கி வழுக்கிக் கற்றதை வைத்து இன்னும் இருவரைக் கடந்தார், முழங்கால் கடகடவென்று சத்தம் போட்டது எங்களுக்கே கேட்டது. கோலி பாய்ந்து வந்தார், அவரையும் சுற்றிக்கொண்டு போனார். முன்னால் காலிக் கோல். "அடி மாப்ளே," என்று கிளீட்டஸ் கத்தினார், அடி, அடி என்று ஊரே கத்தியது, மேளக்காரர்கள் மேளத்தை விட்டுவிட்டுக் கத்தினார்கள்.

அவர் அடிக்கவில்லை. பந்தின் மேல் பாதத்தை வைத்து நின்றார். பெண்கள் நிற்கும் பக்கம் திரும்பி, பேருந்தின் படியில் நின்று விடைபெறுகிறவர் மாதிரி ஒரு கையைத் தூக்கி, "மைனி, போயிட்டு வாரேன்," என்றார். பிறகு பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கோட்டைத் தாண்டி, வலைக்குள் நடந்து போனார். வலை ஒரு ஆள் உயரத்துக்குப் புடைத்தது, பிறகு தளர்ந்து தொங்கியது. உள்ளே யாரும் இல்லை.

நடுவர் தன் தீர்ப்பைத் தானே மீற முடியாது, விசில் ஊதினார், கோல். கல்லாம்பாட்டார் ஓடிவந்து, கோல் அடித்தவர் மைதானத்தில் தன் அணியின் பாதிக்குத் திரும்பாமல் மறுபடி ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது என்று வாதாடினார்கள். உங்கள் பாதியில் அவர் இன்னும் இருந்தால் காட்டுங்கள் என்றார் நடுவர். பத்துப் பேரோடு மீதி நேரத்தைத் தாக்குப்பிடித்தோம். கோப்பை வந்தது, அதைத் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றினோம், சிரித்தோம், கொஞ்சம் அழுதோம், பிரிஜிதா அன்றைக்கு முகம் கழுவப் போகவில்லை, எங்களோடு நின்றே அழுதார்.

மறுநாள் அக்கா போனில் சொன்னது இதுதான். அங்கே காலை, அம்மா சோளக் கிண்ணத்தோடு முற்றத்துக்கு வந்தாள், கொய்யா மரத்தடியில் காற்றுப் புடைப்பதைப் பார்த்ததும் கத்தியை எடுக்கத் திரும்பினாள், பந்து விழும் சத்தம் வரவில்லை என்று மறுபடி திரும்பினாள். கோழிக்கூட்டின் மேல் வெள்ளித்தாழை மணல் ஒட்டிய காலுறையோடு, தலையில் கொய்யா இலையோடு, மூச்சு வாங்கிக்கொண்டு மகன் நின்றான், பந்து கையில் இருந்தது. அம்மாவின் கையிலிருந்த கிண்ணம் தாழ்ந்தது. கோழிகள் கிண்ணத்திலிருந்தே தின்னத் தொடங்கின. "ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வா, இப்போதுதான் வீட்டைக் கழுவினேன்," என்றாள். பிறகு அவன் கையிலிருந்த பந்தை வாங்கித் துடைத்தாள்.

எங்கள் பக்கம் சில்லறை வேலைகள் மிச்சம் இருந்தன. அவர் பாஸ்போர்ட் இங்கேயும் ஆள் அங்கேயுமாக இருந்ததில் சுங்கத்துப் பெரைராவுக்குத் தூக்கம் போனது, இந்தியாவை விட்டுப் போனதற்கு முத்திரை இல்லாதவர் இன்னும் இந்தியாவில்தான் இருக்கிறார் என்பது அவர் கட்சி. அதனால்தானோ என்னவோ, கிளீட்டஸும் அடுத்த வருஷ ஆட்டக்காரர்களின் பெயர்களைக் கழகச் சுவரில் எழுதும்போது முதலில் ஜெனிவால்டோ மச்சாது என்று எழுதினார், போயிட்டு வாரேன் என்றுதானே சொன்னார், வருவார் என்றார். அவருடைய சூட்கேசும் பாஸ்போர்ட்டும் பிரேசிலின் சாந்தோஸ் துறைமுகத்துக்குப் போகும் கப்பலில் ஒரு கோமஸ் பையன் வசம் கொடுத்தனுப்பப்பட்டன. பிரிஜிதா மூன்று பெட்டிகளையும் வரிசையாக வைத்துப் படம் எடுத்து, ஒரு வார்த்தையும் எழுதாமல் கணவருக்கு அனுப்பினார். திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தைய சாயங்காலம் ரெமிஜியுஸ் மச்சாது ஒரு அட்டைப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பேருந்திலிருந்து இறங்கினார், மூத்தவள் ஓடிப்போய்ப் பெட்டியை விட்டுவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டாள்.

திருவிழா முடிந்து பயிற்சி தொடங்கிய முதல் நாள், யாரும் அடிக்காமலே எங்கள் கோல் வலை பின்னாலிருந்து முன்னால் புடைத்தது. ஒரு பந்து உருண்டு வந்து பெனால்டி கோட்டில் நின்றது. எங்கள் பந்துதான், கிளீட்டஸின் கோணல் கையெழுத்து இருந்தது, கத்திக் குத்தை யாரோ தடித்த நூலால் தைத்திருந்தார்கள். தூக்கினால் கனத்தது. தையல் வழியே காப்பிப்பொடி வாசமும் கொய்யாப்பழப் பாகு வாசமும் வந்தன, மேலே ஒரு வயதான கை, வெள்ளித்தாழை என்று எங்கள் எழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தது.

கிளீட்டஸ் மைதானத்திலேயே துள்ளினார். "பாதை தெறந்துட்டு! மாப்ளை வரப்போறாரு, நான் சொன்னம்லா, இந்த வருசமும் கோப்பை நமக்குத்தான்."

சத்தம் கேட்டுத் தெருவே வந்தது, பிரிஜிதாவும் ரெமிஜியுசும் வந்தார்கள். பிரிஜிதா பந்தை வாங்கினார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், மூக்கில் வைத்து முகர்ந்தார். பிறகு மைதானத்திலேயே உட்கார்ந்து தையலைப் பல்லால் அறுத்து, காப்பிப்பொடி இந்த வீட்டுக்கு, கொய்யாப்பாகு அந்த வீட்டுக்கு என்று பங்கு வைக்கத் தொடங்கினார், முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே," என்றார், நிமிராமலே. "பெட்டி வந்துட்டு. செவுத்துல இருக்க பேர அழிச்சிரும்."